பெல்லாரிச் சாலையில் ஒரு பழைய மாளிகை

கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுள் வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பக்கத்தைச் சேர்ந்தோர் பலர், தாயகம் திரும்புங்கால் சென்னையில் இறங்குவதில்லை, பெங்களூரிலேயே இறங்குகின்றனர். 2008ஆம் ஆண்டு தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்ட பின்னர், அவர்களுள் நகருக்குள் செல்வோர் பெரும்பாலும் வந்து சேரும் வழி பெல்லாரிச் சாலையே. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, குழந்தைகள் மடியில் உறங்க, பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்த களைப்போடு வாடகை வண்டியில் விரைகையில், சாலையின் இரு மருங்கிலும் என்ன இருக்கிறதென்று பார்ப்பார் யார்? நாமும் பல முறை அவ்வழியே சென்றிருக்கிறோம். ஒரு முறையேனும் நின்று பார்த்தோமில்லை. சென்ற தை மாதந்தான் பார்த்தோம். பார்த்ததையும், பார்க்கச் செய்த காரணத்தையும் இவ்விதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் நம் உத்தியோகத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றில், பன்னாட்டு உதவி நிறுவனம் ஒன்றன் சுகாதாரத் திட்டத்தில் துணை நிர்வாகியாகப் பல ஆண்டுகள் பணியாற்றினோம். "அது என்ன வேலை?" என்று ஊரில் கேட்பவர்களுக்கு விடை கூறுவது எப்பொழுதும் கடினமாகவே இருந்தது. மருத்துவரா என்றால் இல்லை. பொறியாளரா என்றால் அதுவும் இல்லை. தலைமை நிர்வாகி தலைநகரில் அமைச்சர்களோடும் தூதரகங்களோடும் பேசுவார். கிராமத்துச் செவிலியர் நோயாளியோடு பேசுவார். இவ்விரு பேச்சுக்கும் நடுவே காகிதங்களோடு அமர்ந்திருப்பவனே துணை நிர்வாகி. துறைமுகத்தில் இறங்கிய மருந்துப் பெட்டிகளுக்குச் சுங்க அனுமதி பெறுதல், மாத்திரைகளின் காலாவதி நாளைக் கணக்கிடுதல், ஓட்டுநர்களின் பயணப்படியைத் தீர்த்தல், உள்ளூர் அலுவலர்க்குப் பயிற்சி ஏற்பாடு செய்தல், மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை எழுதுதல் ஆகியன அவன் கடமைகள். பணம் கொடுத்த நாட்டார்க்கு அந்த அறிக்கைதான் கண். அதில் இல்லாதது உலகத்திலேயே இல்லாததாகிவிடும்.

அப்படி இல்லாததாகிவிட்ட ஒன்றைப் பற்றியே நம் மனம் உறுத்திக்கொண்டிருந்தது. நம் திட்டத்தின் முக்கிய பணி காசநோய்க்கு மாத்திரை வழங்குவது. ஆறு மாதம் விடாமல் உண்ண வேண்டிய மாத்திரை அது. ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றிய மூத்த செவிலியம்மையார், நாம் கணக்குப் பார்க்கச் சென்றபோது ஒரு நாள் கூறினார்: "ஐயா, நீங்கள் மாத்திரைகளை எண்ணுகிறீர்கள். முதல் மாதம் வந்து, இரண்டாம் மாதம் வராமற்போனவர்களை எழுத உங்கள் படிவத்தில் இடமே இல்லையே!" அவர் கூறியது உண்மை. நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் பெண்கள் வயலில் இருந்தனர். தொலைவிலிருந்து வருவோர்க்கு ஒரு நாட்கூலி நட்டம். நாம் மேலிடத்துக்கு எழுதினோம். ஆண்டின் நடுவில் படிவத்தை மாற்றுவதற்கில்லை என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் வற்புறுத்தியிருக்கலாம், நாம் வற்புறுத்தவில்லை. அறிக்கைகள் நல்ல பெயரெடுத்துக்கொண்டிருந்தன. அது நம் தவறு.

இதற்கிடையே காலம் மாறிற்று. 1961இல் தோன்றிய அமெரிக்க அரசின் சர்வதேச வளர்ச்சி உதவி அமைப்பு 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டதை அன்பர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். ஐரோப்பிய நாடுகள் சிலவும் தங்கள் உதவித் தொகையைக் குறைத்தன. உதவி உலகம் முழுவதும் சுருங்கியபோது நம் திட்டமும் சுருங்கி முடிவுக்கு வந்தது. அலுவலகத்து மேசை நாற்காலிகளைக் கணக்கெழுதிக் கொடுத்த பிறகு, இறுதி அறிக்கை எழுதும் பொறுப்பு துணை நிர்வாகியின் தலையில் விழுந்தது. "இத்திட்டத்தால் நிலைத்து நிற்கும் பயன் யாது?" என்பது அதில் கடைசிக் கேள்வி. அக்கேள்விக்கு நேரே வெற்றிடம் விட்டு, அந்தத் தாள்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் பெங்களூர் வந்து இறங்கினோம்.

நாம் தங்கியது அல்சூரில், அத்தையின் வீட்டில். அல்சூர் என்றால் நம்மவர்க்கு அறிமுகம் வேண்டுவதில்லை. சோமேசுவரர் கோயிலும், ஏரியும், ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கமும் உள்ள இடம். பதினெட்டு ஆண்டுகள் துணி மூடிக் காத்திருந்து, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட வள்ளுவர் சிலையும் அங்கேதான் இருக்கிறது. அதே மாதத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. கொடுப்பதும் கொள்வதும் ஒருங்கே நடந்தால் இரு தரத்தாரும் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

அத்தைக்கு எண்பத்தைந்து வயது. பார்வை மங்கியிருக்கிறதேயன்றி நினைவு மங்கவில்லை. மறுநாட்காலை காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, "ஏன் தம்பி, உன் உத்தியோகம் போய்விட்டதாமே?" என்றார்கள். ஆமென்றோம். "அங்கே நீ பார்த்தது என்ன வைத்தியம்?" என்று கேட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்கள் அதைக் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. காசநோய் என்றோம். அத்தை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார்கள்.

மாமா வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து இந்நகரத்துத் துணி ஆலை ஒன்றில் வேலைக்கு வந்தவர். அந்நாளில் அவ்வாறு வந்த தமிழர் பல்லாயிரவர். 1961ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் கண்டது. "பஞ்சுத் தூசி என்றுதான் நினைத்தோம். ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை, தம்பி. வேலை முடிந்ததும் வைத்தியசாலைக்குப் போய் வரிசையில் நிற்பார். சீசாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சிவப்பாக ஒரு மருந்து ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டிச் சீசாவின் மேல் ஒட்டிக் கொடுப்பார்கள். தீர்ந்தால் மறுபடியும் போவார், மறுபடியும் ஊற்றுவார்கள். எட்டு மாதம் போனார். இரத்தம் கண்ட பிறகுதான் படம் எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஆடி மாதம் தாண்டவில்லை." அப்பொழுது அத்தைக்கு வயது இருபத்திரண்டு நிறையவில்லை, மைத்துனன் இரண்டு வயதுக் குழந்தை.

"அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவ்வளவு கூட்டம், அவர்களும் என்ன செய்வார்கள்? அந்தச் சீசாவில் பிறகு விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன்" என்று கூறிவிட்டு, அத்தை எழுந்து அடுப்படிக்குச் சென்றுவிட்டார்கள்.

நாம் அசையாமல் அமர்ந்திருந்தோம். உத்தியோகத்துக்கு முன் பயிற்சி பெற்ற காலத்தில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்திருந்தோம். காசநோய் பற்றிப் பாடங் கற்போர் எல்லோரும் படிக்கும் ஆய்வு அது. அதைத் தேர்வுக்குரிய ஒரு விடையாக மனப்பாடம் செய்திருந்தோமேயன்றி, அது நம் வீட்டுக் கதை என்று கருதினோமில்லை. அந்த ஆய்வைச் செய்த நிலையம் அத்தை வீட்டிலிருந்து சில கல் தொலைவிலேயே இருக்கிறது. அன்றே அதைக் காணப் புறப்பட்டோம்.

கண்டோன்மெண்ட்டைக் கடந்து ஜெயமஹால் சாலை வழியே சென்றால் மேக்ரி வட்டம் வருகிறது. ஒருபுறம் அரண்மனை மைதானம், மறுபுறம் சதாசிவநகர், அருகிலேயே நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1948இல் தோற்றுவித்த ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து நகரை நோக்கிப் பெல்லாரிச் சாலையில் திரும்பினால், மரங்களுக்கிடையே 'அவலான்' என்ற பழைய மாளிகை அமைந்த வளாகத்தைக் காணலாம். மைசூர் அரச குடும்பத்தோடு தொடர்புடைய அம்மாளிகையில்தான் தேசியக் காசநோய் நிலையம் அமைந்தது. இந்திய அரசு உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடும், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெபின் துணையோடும் 1959இல் இதனை நிறுவிற்று. 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பிரதமர் நேரு முறைப்படி திறந்துவைத்தார்.

வாயிற்புறத்தில் நின்று சாலையைத் திரும்பிப் பார்த்தோம். விமான நிலையத்துக்குச் செல்லும் வண்டிகள் ஓயாது ஓடிக்கொண்டிருந்தன. இதே சாலையில் வடக்கே சென்றால் ஹெப்பாலில் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கிய இடம் உண்டு. 1964இல் அமைந்த அதற்கு அமெரிக்க உதவியும், டென்னஸி பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் துணையும் கிடைத்தன. ஆக, நாம் கண்மூடிக் கடந்து சென்ற சாலை, அயல்நாட்டு உதவி எவ்வாறு வந்தது, வந்தபின் என்னவாயிற்று என்பதைக் காட்டும் சாலையாக இருந்தது.

அந்நாளைய நிலைமையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். க்ஷயரோகம் என்று நம் முன்னோர் அஞ்சிய அந்நோய்க்கு மருந்து அப்பொழுதுதான் வந்திருந்தது. ஸ்டிரெப்டோமைசின் 1940களிலும், ஐசோனியாசிட் மாத்திரை 1952 அளவிலும் வழக்கத்துக்கு வந்தன. 1955 முதல் 1958 வரை இந்தியா முழுவதும் நடந்த ஆய்வு, இந்நோய் நகரத்தில் உள்ள அளவுக்குக் கிராமத்திலும் பரவியிருக்கிறது என்று காட்டிற்று. நோயாளிகளோ இலட்சக்கணக்கானோர், மருத்துவமனைப் படுக்கைகளோ மிகச் சில.

இவ்விடத்தில் நம் சென்னைக்கு உரிய பெருமையையும் கூறல் வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. சென்னையின் ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியினரைத் தம் குடிசைகளிலேயே இருக்கச் செய்தும், ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். சத்துணவும் ஓய்வும் காற்றும் சானடோரியத்தில் மிகுதி. குடிசையில் இவை மூன்றும் குறைவு. ஆயினும் 1959இல் வெளியான முடிவின்படி இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்தோரால் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. படுக்கை இல்லாத ஏழையும் பிழைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது சேத்துப்பட்டு.

மருந்து உண்டு; வீட்டிலேயே கொடுக்கலாம் என்பதும் தெளிவாயிற்று. ஆனால் நோயாளியைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? கிராமத்தான் அறியாதவன், நோய் வந்தாலும் உணரமாட்டான், எக்ஸ்ரே கருவி பூட்டிய வண்டிகளை ஊர் ஊராக அனுப்பி, அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே அறிஞர் பலரின் எண்ணம். வெளிநாட்டு உதவி கொடுப்போர்க்கு இவ்வெண்ணம் மிகவும் பிடித்தமானது. வண்டி கண்ணுக்குத் தெரியும்; புகைப்படம் எடுக்கலாம்; எண்ணலாம். இதை எழுதும்போது நம் முகம் சிவக்கிறது.

பெங்களூர் நிலையத்தார் அவ்வாறு தொடங்கிவிடாமல் முதலில் ஒரு கேள்வி கேட்டனர். அங்கே உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர்கள் இருந்தனர். ஹாப்டன் மாலர் அவர்களுள் ஒருவர். 1951இல் இந்தியாவுக்கு வந்து, பத்தாண்டுக் காலம் நம் நாட்டின் காசநோய்ப் பணியில் உழைத்தவர் அவர். ஸ்டிக் ஆண்டர்சன் மற்றொருவர். இவர்களோடு சேர்ந்து உழைத்த இந்திய அறிஞருள் டெபபார் பானர்ஜி என்பவர், மருத்துவமும் சமூகவியலும் ஒருங்கே அறிந்தவர். நிலையத்தார் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தும்கூர் மாவட்டத்தில் மக்களுக்குப் படம் எடுத்தும் சளியைச் சோதித்தும் நோயாளர் இன்னாரென அறிந்தனர். பின்னர்ப் பானர்ஜியும் ஆண்டர்சனும், அந்நோயாளரின் வீடு தேடிப் பேசி அறிய ஏற்பாடு செய்தனர். உமக்கு என்ன செய்கிறது? அதைப் பற்றிக் கவலையுற்றீரா? அதற்காக எங்கேனும் சென்றீரா? கேள்விகள் இவ்வளவே.

1963இல் வெளியான விடை எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. சளியில் நோய்க்கிருமி கண்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் தம் உடலில் குறி தோன்றியிருப்பதை உணர்ந்தே இருந்தனர். பெரும்பாலோர் அதுபற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் வைத்தியசாலையைத் தேடித் தாமாகவே சென்றிருந்தனர். அங்கே அவர்கட்குக் கிடைத்தது யாது? இருமல் மருந்து ஒரு சீசா!

அறியாமை கிராமத்தானிடம் இல்லை. அவன் வந்து வரிசையில் நின்றான். அவன் சளியை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி நுண்பெருக்கியில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. மாமா தும்கூர்க்காரர் அல்லர். அந்த ஆய்வில் அவர் பெயர் இல்லை. எனினும் அந்தப் பாதிக்கு மேற்பட்டோருள் அவரும் ஒருவரே. எட்டு மாதம் அவர் வைத்தியசாலைக்குச் சென்றார் என்றால், அங்குள்ள பேரேட்டில் எட்டு மாதமும் 'வந்தார், மருந்து பெற்றார்' என்றுதான் பதிவாகியிருக்கும். கணக்கின்படி அது வெற்றி. நம் மூன்று மாத அறிக்கைகளும் அத்தகைய வெற்றிகளையே எழுதிவந்தன என்பதை அம்மாளிகையின் முன் நின்றபோதுதான் உள்ளபடி உணர்ந்தோம்.

அந்த விடையிலிருந்து ஒரு திட்டம் பிறந்தது. தனியே ஒரு பெரும் படையைக் கிராமங்கட்கு அனுப்புவதைவிட, மக்கள் ஏற்கெனவே நாடி வரும் சாதாரண வைத்தியசாலைகளிலேயே இருமலோடு வருவோரின் சளியைச் சோதிப்பது. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது. மாவட்டத்துக்கு ஒரு மையம் அமைத்து இவற்றை மேற்பார்ப்பது. ஆந்திரத்து அனந்தபூர் மாவட்டத்தில் 1961இல் முன்னோடியாக நடத்திப் பார்த்தனர். 1962இல் அது தேசியக் காசநோய்த் திட்டமாயிற்று. எக்ஸ்ரே கருவிகளும் வண்டிகளும் யூனிசெப் வழியே வந்தன. மாவட்டந்தோறும் பணியாற்ற வேண்டிய மருத்துவர், ஆய்வுக்கூட அலுவலர், சிகிச்சை அமைப்பாளர், புள்ளியியல் உதவியாளர் ஆகியோர் பெங்களூருக்கு வந்து குழுவாகப் பயிற்சி பெற்றுச் சென்றனர். மாமா காலமானதும் அதே ஆண்டுதான். திட்டம் அவருக்குச் சற்றே பிந்தி வந்தது.

இத்துடன் எல்லாம் நலமாயிற்று என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யறிக்கையே ஆகும். திட்டம் காகிதத்தில் நன்றாயிருந்தும், பணமும் மேற்பார்வையும் போதாமல் தளர்ந்தது. சிகிச்சை தொடங்கியோருள் பாதிப்பேர்கூட அதை முழுமையாக முடிப்பதில்லை என்று 1990களின் தொடக்கத்தில் நடந்த மறுஆய்வு கண்டது. ஆகவே 1997இல் திருத்திய திட்டம் ஒன்றை உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கி, 2006இல் நாடு முழுவதற்கும் விரித்தனர். நோயாளி மருந்து உண்பதை ஒருவர் கண்ணாற்கண்டு உறுதிசெய்வது அதன் முறை. அதற்கும் வித்துச் சென்னைச் சேத்துப்பட்டு ஆய்வுகளில் இருந்தது. இன்றும் உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2025க்குள் நோயை ஒழிப்பதென்ற இலக்கு எட்டப்படவில்லை. போராட்டம் முடியவில்லை என்பதே உண்மை.

ஆயினும் ஒன்று நிலைத்தது. டென்மார்க் மருத்துவர்கள் சென்றுவிட்டார்கள். மாலர் 1973இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராகிப் பதினைந்தாண்டு அப்பதவியில் இருந்தார். 1978இல் அல்மா-அடா மாநாட்டில், எல்லோர்க்கும் அடிப்படைச் சுகாதாரம் என்ற கொள்கையை உலக நாடுகள் ஏற்றபோது அவரே தலைமை இயக்குநர். இந்தியக் கிராமங்களில் உழைத்த ஆண்டுகள் அவர் சிந்தனைக்கு உரமாயின என்று கொள்வதில் தவறில்லை. கொடுக்க வந்தவரும் ஒன்று பெற்றே சென்றார். யூனிசெப் கொடுத்த வண்டிகள் எப்பொழுதோ துருப்பிடித்துப் போயிருக்கும். நிலையமோ இந்திய அரசின் நிலையமாக, இந்தியர் நடத்தும் நிலையமாக, அதே பெல்லாரிச் சாலையில் இருக்கிறது. உதவி போன பின்பும் எஞ்சியிருந்தது, 'ஏன் அவன் வரவில்லை? வந்தவனுக்கு என்ன கொடுத்தோம்?' என்று கேட்கக் கற்ற உள்ளூர் மனிதர்களே.

அன்றிரவு அல்சூரில் அத்தை வீட்டுக் கூடத்து விளக்கின் கீழ் அமர்ந்து, வெற்றிடம் விட்டிருந்த கடைசிக் கேள்விக்கு விடை எழுதினோம். எத்தனை பெட்டி மாத்திரை இறக்கினோம் என்பதை அங்கே எழுதவில்லை. ஏரிக்கரைச் செவிலியம்மையார் கூறியதை அப்படியே எழுதினோம். வராதவர்களை எண்ணும் பத்தி நம் படிவத்தில் இருந்ததில்லை என்றும், அதைச் சேர்க்க ஒரு முறை எழுதிவிட்டுப் பிறகு வற்புறுத்தாமல் இருந்தது துணை நிர்வாகியின் குறை என்றும் எழுதினோம். அந்த அம்மையாரும் அவரைப் போன்ற உள்ளூர்ச் செவிலியருமே நிலைத்து நிற்கும் பயன். அடுத்து யார் பணம் கொண்டுவந்தாலும் முதலில் அவர்களைக் கேட்டுவிட்டுப் படிவத்தை அச்சிடுக என்று முடித்தோம். இதைப் படித்து மேலிடத்தார் மகிழ்வார்களா என்பது வேறு செய்தி. அம்மையாருக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறோம்.

அன்பர்களே, இவ்வளவும் ஓர் உத்தியோகஸ்தனின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். கடல் கடந்து வாழும் நம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறிய உதவி நிறுவனமே. மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறையப் பொருள் கொண்டுவருகிறோம். நாமே தலைமை நிர்வாகி, நாமே துணை நிர்வாகி, நாமே அறிக்கை எழுதுவோர். "இத்தனை அனுப்பினேன்" என்ற கணக்கு நம்மிடம் பிசகாமல் இருக்கும். அங்கே என்ன வேண்டியிருந்தது என்ற கணக்கு இருக்கிறதா?

புறப்படுவதற்கு முதல் நாள் அத்தை வீட்டுப் பரணில் எதையோ தேட ஏறினோம். நாம் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்தவை எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. காலை அமுக்கிவிடும் மின்சாரக் கருவி, கம்பளிப் போர்வைகள் மூன்று, காப்பி வடிக்கும் யந்திரம். சிலவற்றின் அட்டைப்பெட்டி பிரிக்கப்படவே இல்லை. "இவற்றுள் ஒன்றும் உங்களுக்குப் பயன்படவில்லையா, அத்தை?" என்று கேட்டோம். அத்தை சிரித்தார்கள். "நீ ஆசையாகக் கொண்டுவந்தாய், நான் பத்திரமாக வைத்தேன். எனக்குக் கண்ணில் புரை வளர்ந்து இரண்டு வருஷமாகிறது. உன் மைத்துனனுக்கு லீவு கிடைப்பதில்லை. டாக்டரிடம் கூட வர ஒரு ஆள் இருந்தால் போதும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், தம்பி."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தும்கூர்க் கிராமத்தாரும் அவ்வாறே கேட்டபொழுது சொன்னார்கள்.

பயணத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தோம். ஒரு கண்ணுக்குச் சிகிச்சை முடிந்து, கட்டு அவிழ்த்த அன்று அத்தை முதலில் பார்த்தது சுவரில் இருந்த மாமாவின் படத்தை. "மாலை வாடியிருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே!" என்றார்கள்.

திரும்பும் நாளன்று விடியற்காலையில் அதே பெல்லாரிச் சாலையில் விமான நிலையம் நோக்கிச் சென்றோம். மேக்ரி வட்டத்தை அணுகுமுன் வண்டியோட்டியிடம் சற்று மெதுவாகச் செல்லுமாறு கேட்டுக்கொண்டோம். பனிமூட்டத்தில் மரங்களும் மதிற்சுவரும் மட்டுமே தெரிந்தன. நம் அன்பர்களுள் அவ்வழியே செல்வோர், அடுத்த முறை அங்கே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்களாக. ஊரில் உள்ள பெரியவர் எவர்க்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மருந்துக்கடைச் சீசாவோடு விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிச் சோதனை செய்யச் சொல்வார்களாக; அது இலவசமாகவே நடைபெறுகிறது. வீட்டுக்குப் பணம் அனுப்பும் நாளில், அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பார்களாக. அதற்குச் சுங்கவரி இல்லை; எடைக் கட்டுப்பாடும் இல்லை.